முப்பது வயசு தாண்டி வீடியோ கேம் ஆட வர்றீங்களா? மொதல்ல செவுத்துல முட்டுவீங்க, பரவால்ல

அரையாண்டு லீவுக்கு அக்கா எங்க வீட்டுக்கு வந்திருந்தா. பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், 41 வயசு, செஸ் போர்டு விரிச்சா என்னைய கால் மணி நேரத்துல காலி பண்ணிருவா. நான் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு உக்காந்து ஆடுறத ரெண்டு நாள் பாத்துட்டு மூணாவது நாள் "குடுறா, நானும் ஒரு கை பாக்குறேன்"னா. நானும் ஆர்வக்கோளாறுல பெரிய 3டி கேம் ஒண்ண போட்டு கன்ட்ரோலர கையில திணிச்சேன். அடுத்த பத்து நிமிஷம் ஹீரோ வானத்தையே பாத்துக்கிட்டு போயி செவுத்துல முட்டி, முட்டின எடத்துலயே நின்னு ஓடிக்கிட்டு இருந்தான்.

"டேய் இவன் ஏன்டா மேலயே பாக்குறான்?"
"வலது கட்டைவெரல எடுக்கா."
"எடுத்துட்டேன், இப்ப திரும்ப மாட்டேங்குறான்."
"திரும்புறதுதான்கா வலது. நடக்குறது இடது."
"ரெண்டையும் நானே எப்படிடா பண்றது?"

கீழ வச்சுட்டு "இதெல்லாம் உங்களுக்குத்தான்டா"ன்னு சொல்லி எந்திரிச்சு போயிட்டா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் யோசிச்சுப் பாத்தா, கன்ட்ரோலர்ல ரெண்டு கட்டைவெரலாலயும் தள்ளுற அந்த ரெண்டு ஸ்டிக்கு விஷயம் எனக்கு எப்ப கைக்கு வந்துச்சுன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இடது ஸ்டிக்கு காலு, வலது ஸ்டிக்கு கழுத்து, அவ்ளோதான் சங்கதி, ஆனா காலையும் கழுத்தையும் தனித்தனி கட்டைவெரலுக்கு பிரிச்சுக் குடுத்து ரெண்டும் ஒரே நேரத்துல வேலை செய்யணும்னா அது புதுசா பைக் ஓட்டுறவன் கிளட்ச்ச விட்டுக்கிட்டே ஆக்சிலேட்டர திருகுற கதைதான், வண்டி குதிக்கத்தான் செய்யும். நாங்கல்லாம் டிவி கேம்ல நாலு அம்புக்குறியும் ரெண்டு பட்டனும் வச்சு கான்ட்ரா, மாரியோ ஆடி, அப்புறம் பஸ் ஸ்டாண்டு பின்னாடி இருந்த கேம் கடையில மணிக்கு இவ்ளோன்னு காசு குடுத்து பிளேஸ்டேஷன்ல ஆடி, இருவது வருஷமா படி ஏறி வந்தவங்க. அக்காவ நான் நேரா மொட்டை மாடியில நிறுத்திட்டேன்.

அதனால அவளுக்கு எந்த வரிசையில குடுத்திருக்கணுமோ அந்த வரிசைய இங்க எழுதுறேன். உங்களுக்கும் ஆகும்னு நெனைக்கிறேன்.

மெஷின்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க

எல்லாரும் மொத கேள்வியா கேக்குறது "எந்த கிராபிக்ஸ் கார்டு ப்ரோ, பிளேஸ்டேஷன் 5 வாங்கலாமா". வேணாம். ஆபீஸ் வேலைக்கு வச்சிருக்க சாதா லேப்டாப்பே மொத ஆறு மாசத்துக்கு போதும். ஸ்டீம்னு கம்ப்யூட்டர் கேம் விக்குற ஆன்லைன் கடை இருக்கு, அதுல ஒவ்வொரு கேம் பக்கத்துலயும் கீழ போனா அந்த கேமுக்கு என்ன பிராசசர், எவ்ளோ ரேம், எவ்ளோ எடம் வேணும்னு போட்டிருப்பான், அத உங்க லேப்டாப்போட ஒத்துப் பாத்துட்டு வாங்குங்க. ஸ்டார்டியூ வேலி, ஸ்லே த ஸ்பயர், வாம்பயர் சர்வைவர்ஸ், 2007ல வந்த போர்ட்டல், இதுக்கெல்லாம் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்ல.

எடத்தையும் பாத்துக்கோங்க. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மாதிரி பெரிய கேம்னா கம்ப்யூட்டர்ல 150 ஜிபி காலியா இருக்கணும். நான் அத எறக்குனப்ப மாசக்கடைசி, நெட் பேக்கு தீந்து ஸ்பீடு நொண்டியடிச்சுக்கிட்டு இருந்துச்சு, மூணு நாள் இறங்குச்சு, நாலாவது நாள் ஆடுற மூடே போயிருச்சு.

லேப்டாப்ல ஆடும்போது சார்ஜர சொருகியே வைங்க, பேட்டரியில ஓடுனா அதுவே வேகத்த கொறைச்சுக்கும், நீங்க கேம் மோசம்னு நெனைச்சுப்பீங்க. மெத்தை மேல, தலகாணி மேல வச்சு ஆடாதீங்க, அடியில காத்து போற ஓட்டைய அடைச்சா சூடாகி அதுவா ஆஃப் ஆயிரும். அனுபவம்தான். டிவியில ஹெச்டிஎம்ஐ ஒயர் போட்டு ஆடுறீங்கன்னா டிவி செட்டிங்ஸ்ல கேம் மோடுன்னு ஒண்ணு இருக்கும், அத மறக்காம ஆன் பண்ணுங்க. இல்லன்னா படத்த அழகு பண்றேன்னு டிவி உள்ளுக்குள்ள ஏதோ வேலை பாத்துட்டு கொஞ்சம் லேட்டாத்தான் காட்டும், பட்டன அமுக்குனதுக்கு அப்புறம் ஹீரோ யோசிச்சு குதிப்பான். நிறைய பேர் "எனக்கு டைமிங்கே வரல"ன்னு பொலம்புறதுல பாதி இந்த டிவி பண்ற வேலை.

கையில என்ன

கன்ட்ரோலர் வாங்குறதா இருந்தா மட்டமானதா வாங்காதீங்க. நான் மொதல்ல 800 ரூபாய்க்கு ஒண்ணு வாங்குனேன், மூணே மாசத்துல ஸ்டிக்க தொடாமலே ஹீரோ இடது பக்கமா நடக்க ஆரம்பிச்சுட்டான். ட்ரிஃப்ட்டுன்னு சொல்வாங்க, உள்ள இருக்க சென்சார் தேஞ்சு போறதாலயும் தூசி ஏறுறதாலயும் வர்றது. வந்துருச்சுன்னா உடனே தூக்கிப் போட்டுராதீங்க, செட்டிங்ஸ்ல டெட்ஸோன்னு ஒண்ணு இருக்கும், அத கொஞ்சம் ஏத்துனா சின்னச்சின்ன அசைவ கண்டுக்காது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். விண்டோஸ்ல வம்பில்லாம வேலை செய்யுறது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர், சொருகுனா போதும். பிளேஸ்டேஷனோடது கையில இருந்தா ஸ்டீம் அதையும் எடுத்துக்கும்.

ஆனா ஒண்ணு, நீங்க தெனம் எட்டு மணி நேரம் மவுஸ் புடிச்சு வேலை பாக்குற ஆளா இருந்தா, திரும்பிப் பாக்குறதுக்கு வலது ஸ்டிக்க விட மவுஸ் ரொம்ப ஈசி. கை ஏற்கனவே பழகியிருக்கு. நடக்குறதுக்கு கீபோர்டுல இடது கை நாலு எழுத்துல தடவும், அது ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும்.

எந்த கேம மொதல்ல, எதுக்கு அப்புறம் எது

முக்கியமான கட்டம் இதான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

மொத வாரம் கட்டைவெரலுக்கே வேலை இல்லாத கேம் ஆடுங்க, வெறும் மவுஸ்ல கிளிக் பண்றது. அன்பேக்கிங்னு 2021ல வந்த கேம் ஒண்ணு, ஒரு பொண்ணு ஒவ்வொரு வீடா மாறுறா, அட்டைப்பெட்டியப் பிரிச்சு சாமான ஒவ்வொண்ணா எடுத்து அது அது எடத்துல வைக்கணும், அவ்ளோதான். கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா வீடு மாத்துன அனுபவம் உள்ளவங்க உக்காந்தா எந்திரிக்க மாட்டாங்க. சீட்டு புடிக்கும்னா ஸ்லே த ஸ்பயர், இல்ல 2024ல வந்த பலாட்ரோ. அப்புறம் வெண்பா. கனடாவுக்கு குடிபோன தமிழ்க் குடும்பத்தோட கதை, டொரன்டோவுல உக்காந்து செஞ்சது, 2023ல வந்துச்சு, அடுத்த வருஷம் புது டீமோட மொத கேமுக்குன்னு குடுக்குற பாஃப்டா விருதையும் வாங்கிருச்சு. அம்மாவோட பழைய சமையல் நோட்டு கிழிஞ்சு எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிருக்கும், அதுல விட்டுப் போனத நாம யோசிச்சு சமைக்கணும். மொத சமையலே இட்லிதான். வெள்ளைக்காரன் கூகுள் பண்ணி ஆடுற எடத்துல எங்க அம்மா பின்னாடி இருந்து எட்டிப் பாத்து "தட்ட அப்படியா அடுக்குவாங்க"ன்னு திட்டுனாங்க. வாழ்க்கையில மொத தடவையா எங்க வீட்ல ஒரு கேமுக்கு அம்மா ஐடியா குடுத்தது அன்னிக்குத்தான்.

ரெண்டாவது கட்டம், ஒரே ஸ்டிக்கு. மேல இருந்து பாக்குற மாதிரி கேம்ல கழுத்து திருப்புற வேலையே கெடையாது. வாம்பயர் சர்வைவர்ஸ்ல நீங்க நடந்தா போதும், ஆயுதம் அதுவா வெடிக்கும், ஒரு ஆட்டம் அதிகபட்சம் 30 நிமிஷம். இத விட எனக்கு புடிச்சது ஸ்டார்டியூ வேலி. 2016ல வந்தது, எரிக் பேரோன்னு ஒரே ஆளு படம், பாட்டு, கோடிங் எல்லாத்தையும் வருஷக்கணக்குல தனியா உக்காந்து செஞ்சது. தாத்தா விட்டுட்டுப் போன தோட்டத்துல வெதைக்கணும், தண்ணி ஊத்தணும், மீன் புடிக்கணும். மீன் புடிக்கிறது மட்டும் மொத ரெண்டு நாள் கடுப்பேத்தும், நான் கன்ட்ரோலர சோஃபாவுல எறிஞ்சிருக்கேன், தாங்கிக்கோங்க.

மூணாவது, 3டி ஆனா கழுத்த கேமே பாத்துக்கும். அ ஷார்ட் ஹைக். ஒரு குட்டிப் பறவை, போன் சிக்னல் கெடைக்குறதுக்காக மலை ஏறுது. மலையில அங்கங்க கெடைக்குற தங்க எறகு சேர சேர இன்னும் ஒசரமா ஏறலாம், உச்சியில இருந்து அப்படியே றெக்கைய விரிச்சு மெதந்து எறங்கலாம். ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிரும். நடக்குறது, குதிக்கிறது, தூரம் கணிக்கிறது, எல்லாம் இதுல கைக்கு வந்துரும், யாரும் அடிக்க வர மாட்டாங்க.

நாலாவதுதான் ரெண்டு ஸ்டிக்கு. மைன்கிராஃப்ட்ட பீஸ்ஃபுல் மோடுல போடுங்க, பேய் பிசாசு வராது, பசியும் கொறையாது. உள்ள போனதும் வீடு கட்டப் போகாதீங்க. ஒரு மரத்துக்கிட்ட போயி நில்லுங்க. அந்த மரம் எப்பவும் திரைக்கு நடுவுலயே இருக்கணும், நீங்க அத சுத்தி ஒரு பிரதட்சணம் வரணும். இடது கட்டைவெரல் பக்கவாட்டுல நடக்கும், வலது கட்டைவெரல் அதுக்கேத்த மாதிரி மெதுவா எதிர்ப்பக்கம் திருப்பும். மொத தடவை மரம் திரைய விட்டு ஓடிரும். பத்தாவது சுத்துல நிக்கும். அப்புறம் மறு பக்கமா சுத்துங்க. தெனம் அஞ்சு நிமிஷம், ஒரு வாரம், அவ்ளோதான். அதுக்கப்புறம் போர்ட்டல் போடுங்க, செவுத்துல ரெண்டு ஓட்டை போட்டு ஒண்ணுல நொழைஞ்சு இன்னொண்ணுல வெளிய வர்ற புதிர், மூளைக்கு வேலை, சுடுற மெஷினுங்க 16ஆவது ரூம்லதான் வரும்.

துப்பாக்கி, கத்தி, கார் எல்லாம் இதுக்கு அப்புறம். அவசரம் வேணாம்.

புது கேம் தொறந்ததும் நேரா ஆடப் போகாதீங்க

செட்டிங்ஸ் போங்க. சப்டைட்டில் ஆன் பண்ணி எழுத்த பெருசாக்குங்க, நம்ம காதுக்கு அந்த ஊர் இங்கிலீஷ் பாதி விழாது, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கேமரா சென்சிட்டிவிட்டிய கொறைங்க, புதுசுல எல்லாருமே வேகமா திருப்பிட்டு எங்க இருக்கோம்னு தெரியாம முழிக்கிறாங்க. மோஷன் ப்ளர் (வேகமா திரும்புனா படம் மங்குறது), கேமரா ஷேக் (திரை குலுங்குறது) ரெண்டையும் அணைங்க.

சில பேருக்கு 3டி கேம் ஆடுனா தலை சுத்தி வாந்தி வர்ற மாதிரி இருக்கும், பஸ்ல மலை ஏறும்போது வர்ற மாதிரியேதான். கண்ணு நகருறோம்னு சொல்லுது, காது உள்ள இருக்குற பேலன்ஸ் உக்காந்திருக்கோம்னு சொல்லுது, அந்தச் சண்டை. ஃபீல்ட் ஆஃப் வியூன்னு, திரையில எவ்ளோ அகலத்துக்கு காட்சி தெரியணும்னு மாத்துறது ஒண்ணு இருந்தா அத கொஞ்சம் ஏத்திப் பாருங்க, திரையில இருந்து தள்ளி உக்காருங்க, லைட்ட போட்டுக்கிட்டு ஆடுங்க. அப்பவும் வந்தா நிறுத்திருங்க, பல்ல கடிச்சுக்கிட்டு ஆடுனா பழகிரும்னு சொல்றவன் பேச்ச கேக்காதீங்க, எனக்கு அப்படி ஒரு நாள் ராத்திரி சாப்பாடு போச்சு.

நேரம், கரண்டு, சேவ்

வேலைக்குப் போயிட்டு வந்து ஆடுற நமக்கு ஒரு கேம் நல்லதா கெட்டதாங்கிறத விட எவ்ளோ நேரம் கேக்குதுங்கிறதுதான் பெரிய கேள்வி. ஹவ் லாங் டு பீட்னு ஒரு சைட் இருக்கு, ஒவ்வொரு கேமும் முடிக்க மத்தவங்களுக்கு எத்தன மணி நேரம் ஆச்சுன்னு போட்டிருக்கும். விட்சர் 3 கதைய மட்டும் முடிக்க 50 மணி நேரம் கிட்ட, பெர்சோனா 5னா 100. வாரத்துல நாலு நாள், நாளைக்கு ஒரு மணி நேரம்னு கணக்கு போட்டா 100 மணி நேர கேமுக்கு 25 வாரம், அரை வருஷம் ஓடிரும். தெரிஞ்சே எறங்குங்க.

அடுத்து நடுவுல நிறுத்த முடியுமான்னு பாருங்க. எல்டன் ரிங்ல சும்மா மெனுவ தொறந்தா கேம் நிக்காது, நீங்க கதவத் தொறக்க போயிட்டு வர்றதுக்குள்ள எவனாவது வந்து வெட்டிட்டுப் போயிருப்பான். ஆன்லைன் கேம்ல சுத்தமா முடியாது, பிஜிஎம்ஐ (பப்ஜியோட இந்திய வெர்ஷன்) ஒரு மேட்ச் அர மணி நேரம் இழுக்கும், நடுவுல குழந்தை அழுதா ஒண்ணு டீம் திட்டும், இல்ல வீட்ல திட்டுவாங்க. ஆன்லைன் கேம்ல இன்னொரு ஆபத்து, அது நம்ம கையில இல்ல. 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைல தடை பண்ணப்ப என் மச்சான் மூணு நாள் யார்கிட்டயும் பேசல, 2021 ஜூலையில பிஜிஎம்ஐயா திரும்பி வர்ற வரைக்கும் துக்கம்தான்.

சேவ் எப்ப ஆகுதுன்னு மொத நாளே கண்டுபுடிங்க. கேம் கடை காலத்துல மெமரி கார்டு எங்ககிட்ட கெடையாது, 8 எம்பி கார்டு கடைக்காரர் பூட்டி வச்சிருப்பார், அதனால ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ நான் எத்தனை தடவை ஆரம்பிச்சிருக்கேன்னு கணக்கே இல்ல, ஹீரோ சிஜே சைக்கிள எடுத்துக்கிட்டு குரோவ் ஸ்ட்ரீட்டுக்கு மிதிப்பான், மணி ஆயிரும், எந்திரிச்சு வரணும். இப்ப நெறைய கேம் தானா சேவ் ஆகுது, ஆனா கரண்டு சொல்லாம போற ஊர்ல யுபிஎஸ் இல்லாம டெஸ்க்டாப்ல ஆடுறவங்க ஜாக்கிரதை. ஸ்டார்டியூ வேலி நீங்க கட்டில்ல படுத்து தூங்குனாத்தான் சேவ் ஆகும், அதுல ஒரு நாள்ங்கிறது நம்ம கணக்குல 14 நிமிஷம் கிட்ட, அதனால கரண்டு போனா ஒரு நாள் பாடு மட்டும் போகும். தாங்கலாம்.

சாவுறது பத்தி

சாவீங்க. நெறைய. ஈசி மோடுல வச்சு ஆடுனா கேவலம்னு ஒரு கூட்டம் சொல்லும், அவனுங்களுக்கு நாளைக்கு காலையில ஆபீஸ் இல்ல. செலெஸ்ட்ல அசிஸ்ட் மோடு இருக்கு, கேம் ஸ்பீடையே கொறைக்கலாம், சாகாம கூட ஆடலாம். ஹேடிஸ்ல காட் மோடுன்னு ஒண்ணு, போட்டதும் வாங்குற அடி 20 சதவீதம் கொறையும், ஒவ்வொரு தடவை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் கொறைஞ்சுக்கிட்டே போகும். அப்படி ஆடித்தான் நான் முடிச்சேன், கதை எனக்கும் அதே கதைதான் வந்துச்சு.

எல்டன் ரிங் மாதிரி ஈசி மோடே இல்லாததும் இருக்கு. அதுல மொத குகைய விட்டு வெளிய வந்ததும் பச்சப்பசேல்னு புல்வெளி, நேரா பாதையில தங்கக் கவசம் போட்டு குதிரையில ஒருத்தன் ரோந்து போயிட்டு இருப்பான். புதுசா வர்ற எல்லாரும் நேரா அவன்கிட்ட போவோம், ஏன்னா வெளிய வந்ததும் கண்ணுல படுற மொத எதிரி அவன்தான், மொத எதிரின்னா அடிச்சுத்தான் ஆகணும்னு பழகிட்டோம். நான் பதினோரு தடவை செத்தேன். அப்புறம்தான் ஒரோரமா புதர்ல குனிஞ்சு அவன சுத்தி போயிட்டேன், பின்னாடியே வரல. அப்படி போகச் சொல்லித்தான் அவன அங்க நிறுத்தியிருக்கானுங்க. ரெண்டு வாரம் கழிச்சு லெவல் ஏத்திட்டு திரும்ப வந்து அடிச்சேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல சந்தோஷத்துல. ஒரே எடத்துல பத்து தடவை செத்தா கைய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி வேற வழி இருக்கான்னு பாருங்க.

காசு

ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கும் கம்மியா ஆடியிருந்தா பணம் திரும்ப கேக்கலாம், குடுத்துருவாங்க. உங்க லேப்டாப்ல ஓடுமான்னு சந்தேகமா இருந்தா இதான் வழி, மொத அர மணி நேரத்துலயே தெரிஞ்சிரும். சம்மர்ல, டிசம்பர் கடைசியில பெரிய சேல் வரும், பழைய கேமுங்க தண்ணியா விப்பான், போர்ட்டலெல்லாம் டீ வடை காசுல வாங்குனேன். எபிக்னு ஸ்டீம் மாதிரியே இன்னொரு ஆன்லைன் கடையில வாரா வாரம் வியாழக்கிழமை ராத்திரி ஏதாவது ஒண்ணு சும்மாவே குடுப்பான், வாங்கி வச்சுக்கிட்டா உங்களுதுதான். என்கிட்ட அப்படி நூத்துக்கு மேல கெடக்கு, ஆடுனது ஒம்போது.

இலவசம்னு சொல்ற மொபைல் கேம்லதான் கவனமா இருக்கணும். ஜெம்மு, டைமண்டு, ஸ்பின்னுன்னு 89 ரூபா, 179 ரூபான்னு கொஞ்சம் கொஞ்சமா போகும், ஒரு தடவை யுபிஐ கணக்க கூட்டிப் பாத்தேன், ஒரே கேம்ல நாலு மாசத்துல 2,400 ரூபா, கெடச்சது ஒரு கலர் தொப்பி. வீட்ல பெரியவங்க "கேம்"னு சொன்னதும் பதறுறது காசு கட்டி ஆடுற ரம்மிய நெனைச்சு, அது வேற சமாச்சாரம், 2025ல மத்திய அரசு சட்டம் போட்டு தடை பண்ணது அந்த மாதிரி ஆட்டங்களத்தான். அவங்கள பக்கத்துல உக்கார வச்சு ஒரு தடவை வெண்பா ஆடிக் காட்டுங்க, பேச்சு மாறும்.

புடிக்கலன்னா பாதியில விட்டுருங்க. காசு குடுத்தாச்சேன்னு இழுக்காதீங்க. ரெட் டெட் 2வ நான் மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் ஆரம்பத்துல வர்ற பனிமலையோட விட்டுட்டேன், நாலாவது தடவைதான் உள்ள போனேன்.

அக்கா விஷயத்துக்கு வர்றேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அவ லேப்டாப்ல ஸ்டார்டியூ போட்டுக் குடுத்தேன். ஒரு மாசம் சத்தமே இல்ல. திடீர்னு ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு போன், "டேய், காலிஃபிளவர் எல்லாம் பட்டுப்போச்சு." எப்ப நட்டேன்னு கேட்டா கேம் கணக்குல 20ஆம் தேதின்றா. காலிஃபிளவருக்கு 12 நாள் வேணும், சீசனே 28 நாள்தான், சீசன் மாறுனா பயிரு செத்துரும். கணக்கு டீச்சர் கிட்ட இத நான் சொல்ல வேண்டியிருக்கு. அடுத்த வாரம் நோட்டு போட்டுட்டா, எந்த வெதை எத்தனை நாள், எத்தனை காசுக்கு வாங்கி எத்தனைக்கு விக்கலாம், கட்டம் போட்டு ஸ்கேல் வச்சு கோடு அடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புறா.

நேத்து போர்ட்டல்ல இருக்கா. "மேல இருந்து ஓட்டைக்குள்ள குதிச்சா அந்தப் பக்கம் தூக்கி அடிக்குதுடா, விழுற வேகம் அப்படியே மாறாம வருது, எங்க பிளஸ் ஒன் பிசிக்ஸ் மிஸ்ஸுகிட்ட இத காட்டணும்"ன்னா. இன்னும் செவுத்துல முட்டுறியாக்கான்னு கேட்டேன். "அப்பப்ப"ன்னுட்டு போன வச்சுட்டா, நடுவுல பேசுனா கை மறந்துருதாம்.